ஒரு வருடத்தில் போக்கரில் தேர்ந்துவிட முடியுமா?

வாசகர் கேள்வி:

வணக்கம் அண்ணா. கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இன்ஜினியராக இருக்கிறேன். வயது 29, கல்யாணமாகி இரண்டு வருடம். காலேஜ் நண்பர்கள் ஆறு பேர் சனிக்கிழமை இரவு ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடிப் போக்கர் ஆடுவோம். டெக்சாஸ் ஹோல்டெம். காசு வைப்பதில்லை, சிப்ஸ் மட்டும்தான். கடைசி ஒன்பது சனிக்கிழமையில் ஏழு தடவை நான்தான் போட்டதைவிட அதிக சிப்ஸோடு எழுந்தேன். எனக்கு இது வரும் என்று தோன்றுகிறது.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். தினமும் நான்கு மணி நேரம் பயிற்சி. தினமும் 500 கை, அதாவது 500 தடவை சீட்டுப் போட்டு ஆடுவது. ஆறு மாதத்தில் எங்கள் செட்டில் தோற்காத ஆள் ஆவது. ஒரு வருடத்தில் கோவா போய் ஒரு டோர்னமெண்டில் பரிசு வாங்குவது. அப்புறம் வேலையை விடலாமா என்று யோசிப்பது. மூன்றாவது வாரத்திலேயே டைம்டேபிள் நின்றுவிட்டது. “சீட்டாட்டத்துக்கு டைம்டேபிள் போட்டவரை இப்பத்தானுங்க பாக்கறேன்” என்று மனைவி சிரிக்கிறாள். எனக்கு ஒழுங்கு போதவில்லையா, இல்லை குறிக்கோளே தப்பா? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்:

அன்புள்ள தம்பி,

ஒழுங்கு போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மனைவியோடு நாலு வார்த்தை பேசிவிட்டு, அதற்கு மேல் தினமும் நான்கு மணி நேரம் சீட்டைப் பிடிப்பது என்றால் தூக்கத்தில்தான் கை வைக்க வேண்டும். மூன்று வாரம் தாக்குப்பிடித்ததே பெரிது. பதினைந்து வருடமாக ஆடுகிறேன், அதில் எட்டு வருடமாகச் சொல்லியும் கொடுக்கிறேன். தினம் நான்கு மணி நேரம் உருப்படியாகப் பயிற்சி செய்தவர்கள் என்று இரண்டு மூன்று பேரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேறு வேலை கிடையாது.

நேரத்தைக்கூடச் சரிசெய்துவிடலாம். என்னை யோசிக்க வைத்தது உங்கள் மற்ற மூன்று குறிக்கோள்கள். தோற்காத ஆள் ஆவது, பரிசு வாங்குவது, வேலையை விடுவது. மூன்றுமே ஜெயிப்பதை நம்பி நிற்கின்றன. போக்கரில் ஜெயிப்பதைப் பயிற்சியின் அளவுகோலாக வைத்தால், நீங்கள் தேறிக்கொண்டு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது, கெட்டுக்கொண்டு போனாலும் தெரியாது. ஏன் என்று உங்கள் வேலையை வைத்தே சொல்கிறேன்.

ஆயிரம் பம்ப் உள்ள ஒரு லாட் வருகிறது. ஐந்தை எடுத்து ஓட்டிப் பார்க்கிறீர்கள். ஐந்தும் நன்றாக ஓடுகிறது. அதை மட்டும் வைத்து மொத்த லாட்டுக்கும் கையெழுத்துப் போடுவீர்களா? மாட்டீர்கள். உங்கள் ஒன்பது சனிக்கிழமையும் அந்த ஐந்து பம்ப் மாதிரிதான். நாமே கலைத்து நாமே போட்டு ஆடும் வீட்டு ஆட்டத்தில் மணிக்கு 25 கை ஓடினால் நல்ல வேகம். நான்கு மணி நேரத்துக்கு 100 கை. ஒன்பது வாரத்துக்கு 900. அதில் ஏழு ராத்திரி லாபம். ஒன்பது தடவை பூவா தலையா சுண்டினாலும் ஏழு தடவையோ அதற்கு மேலோ தலை விழ ஏறத்தாழ பதினொன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. உங்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கலாம். ஆனால் அந்த ஏழு ராத்திரி அதற்குச் சாட்சி ஆகாது.

எவ்வளவு கை ஆடினால் சாட்சியாகும் என்று கேட்பீர்கள். போக்கரில் லாபத்தை பிக் பிளைண்டில் அளப்பார்கள், அதாவது ஒவ்வொரு கையிலும் ஒருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய பெரிய ஆரம்பப் பந்தயத்தில். நூறு கைக்குச் சராசரியாக ஐந்து பிக் பிளைண்ட் சம்பாதிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இது நல்ல ஆட்டக்காரர். ஆனால் அதே நூறு கையில் அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கம், நீங்கள் வேலையில் பார்க்கும் அதே திட்ட விலக்கம், 90 பிக் பிளைண்ட் அளவுக்கு இருக்கும். ஐந்து எங்கே, தொண்ணூறு எங்கே! கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த நல்ல ஆட்டக்காரர் பத்தாயிரம் கை ஆடியபிறகும் நஷ்டத்தில் நிற்க ஏறத்தாழ பத்துக்கு மூன்று வாய்ப்பு. நூறு கைக்கு இரண்டு பிக் பிளைண்ட் விடுகிற சுமாரான ஆள் அதே பத்தாயிரம் கைக்குப் பிறகு லாபத்தில் நிற்க ஏறத்தாழ பத்துக்கு நான்கு வாய்ப்பு. லட்சம் கை ஆடும்போதுதான் நல்ல ஆட்டக்காரர் நஷ்டத்தில் நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு அளவுக்கு இறங்குகிறது. வாரத்துக்கு 100 கை ஆடும் உங்களுக்குப் பத்தாயிரம் என்பதே இரண்டு வருடம்.

இதை என் வார்த்தைக்காக நம்ப வேண்டாம். 2015இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான கிளாடிகோ என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் நான்கு முன்னணி ஆட்டக்காரர்களோடு மோதியது. மொத்தம் 80,000 கை. அதிர்ஷ்டத்தைக் குறைக்க ஓர் ஏற்பாடும் செய்திருந்தார்கள். ஒரு மேசையில் மனிதருக்குப் போன சீட்டு இன்னொரு மேசையில் கம்ப்யூட்டருக்குப் போகும். கடைசியில் மனிதர்கள் ஏழு லட்சத்துச் சொச்சம் சிப்ஸ் முன்னால் இருந்தார்கள். அப்படியிருந்தும் ஆராய்ச்சியாளர்கள், புள்ளியியல்படி யார் மேல் என்று உறுதியாகச் சொல்ல இந்த வித்தியாசம் போதாது என்றார்கள். 2017இல் அதே பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் வந்தது. இந்தத் தடவை 1,20,000 கை ஆடவிட்டார்கள். கம்ப்யூட்டர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஜெயித்தது. உலகத்தரமான நான்கு பேருக்கே 80,000 கை பத்தாதபோது மொட்டைமாடியில் ஆடிய 900 கையை வைத்து நீங்கள் வேலையை விடுவது பற்றி யோசிக்கலாமா?

சரி, அப்படியென்றால் கையின் எண்ணிக்கையைக் கூட்டலாமே என்று தோன்றும். தினமும் 500 என்று நீங்கள் எழுதியது அதனால்தான் என்று நினைக்கிறேன். அவ்வளவு கை ஆன்லைனில் மட்டும்தான் ஓடும். அதனால் சட்டத்தைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2022இல் வந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைத்தது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு உயிரை விட்டவர்களின் குடும்பங்களைப் பார்த்தபிறகு வந்த சட்டம் அது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், இவை திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று சொல்லி இரண்டையும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்கிறது. வெளிநாட்டுத் தளம், வேறு ஊரில் இருப்பதுபோல் காட்டும் குறுக்குவழி என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அங்கே போட்ட பணம் திரும்பவில்லை என்றால் கேட்க ஆளில்லை.

இலவச சிப்ஸ் வைத்து ஆடும் ஆப்கள் வேறு. அவை உங்களுக்கு ஓரளவு பயன்படும். ஓரளவுதான், ஏனென்றால் இழக்க ஒன்றுமில்லாத ஆட்கள் எல்லாக் கையையும் கடைசிவரை பார்ப்பார்கள். அங்கே ஜெயிக்கும் வித்தை வேறு எங்கேயும் செல்லாது. ஆனால் நான் கீழே சொல்லப்போகிற முதல் பயிற்சிக்கு அதுவே போதும்.

உங்களிடம் உண்மையில் இருப்பது வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை ஆட்டம் நான்கு மணி நேரம், வார நாட்களில் இரண்டு தடவை ஒவ்வொரு மணி நேரம். இதை வைத்தே திட்டம் போடலாம். குழந்தை பிறந்தாலும் ஆடிட் வந்தாலும் உடையாத திட்டமாக அது இருக்க வேண்டும்.

முதல் மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு குறிக்கோள்: எந்தக் கையை ஆடுவது, எதைக் கீழே போடுவது. வேறு எதையும் தொடாதீர்கள். ஹோல்டெமில் ஒவ்வொருவர் கைக்கும் இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்) திருப்புவார்கள். கைக்கு வரும் அந்த இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டால் 169 வகை. புதிதாக ஆடுகிற எல்லோரும் செய்யும் தப்பு, இதில் பாதிக்கு மேல் ஆடுவது. ஆறு பேர் உட்காரும் மேசையில் ஃப்ளாப்புக்கு முன்னால் முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால், நூற்றுக்குப் பதினைந்து இருபது கைக்கு மேல் திறக்கக் கூடாது, அதாவது முதல் ஆளாகப் பந்தயத்தை ஏற்றக் கூடாது. பட்டனில், அதாவது ஃப்ளாப்புக்குப் பிறகு எல்லோரும் பேசி முடித்தபின் கடைசியாகப் பேசும் இடத்தில் இருந்து, உங்களுக்கு முன்னால் எல்லோரும் ஃபோல்டு செய்து, அதாவது சீட்டைக் கீழே போட்டு விலகியிருந்தால், நாற்பதுக்கு மேலேயே திறக்கலாம். அதே இரண்டு சீட்டு உட்காரும் இடத்தைப் பொறுத்து நல்ல கையாகவும் குப்பைக் கையாகவும் மாறும். எந்த இடத்தில் எந்தக் கை என்ற அட்டவணை இலவசமாகவே எங்கும் கிடைக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதை எப்படி அளப்பது? ஒவ்வொரு சனிக்கிழமையும், அட்டையில் இருப்பதற்கு மாறாக எத்தனை கை ஆடினேன் என்று எண்ணுங்கள். சட்டைப் பையில் ஒரு சின்னத் தாள், ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடு. முதல் வாரம் நூறு கையில் பதினைந்து இருபது கோடு விழும். பன்னிரண்டு வாரத்தில் ஐந்துக்குக் கீழே கொண்டுவர முடிந்தால் அது உண்மையான முன்னேற்றம். இது உங்களுக்குப் பழக்கமான கணக்கு. நூற்றுக்கு எத்தனை பழுது என்றுதானே தினமும் பார்க்கிறீர்கள்? அந்த ராத்திரி நீங்கள் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பது இந்த எண்ணை அசைக்காது. நல்ல சீட்டே வராத சனிக்கிழமையிலும் மூன்றே கோடோடு எழுந்து வரலாம். அது நல்ல சனிக்கிழமை.

அடுத்த மூன்று மாதம் பாட் கணக்கு, அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத் தொகையின் கணக்கு. இங்கேதான் நோட்டுப் புத்தகம் வேண்டும். என்னிடம் படித்த ஒருவரின் நோட்டிலிருந்து, அவர் அனுமதியோடு, ஒரு கையைக் காட்டுகிறேன். அவரிடம் ஸ்பேடு ஏஸும் ஸ்பேடு ஒன்பதும். ஃப்ளாப்பில் ஸ்பேடு ராஜா, ஸ்பேடு நாலு, டைமண்ட் ஏழு. பாட்டில் 600 இருக்கிறது. எதிராளி 300 வைக்கிறார். தொடர்ந்து ஆட அவரும் 300 வைக்க வேண்டும், அதுதான் கால். இன்னொரு ஸ்பேடு விழுந்தால் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ். முதல் மாதத்தில் அவர் எழுதிய குறிப்பு இவ்வளவுதான்: “ஃப்ளஷ் வரும்னு தோணுச்சு. கால் பண்ணேன். வந்துச்சு. 2,400 எடுத்தேன். சூப்பர்.”

இந்தக் குறிப்பிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை. தோன்றியது, வந்தது, சூப்பர். வராமல் போயிருந்தால் அதே முடிவை “முட்டாள்தனம்” என்று எழுதியிருப்பார். அந்தக் கையை இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். 300 கொடுத்து 900 எடுக்கப் பார்க்கிறோம். மொத்தம் 1,200இல் நம் பங்கு 300, அதாவது கால்பங்கு. நாம் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 25 இருந்தால் கணக்கு நேர். கையிலும் ஃப்ளாப்பிலும் பார்த்த ஸ்பேடுகள் மொத்தம் நான்கு, கட்டில் பாக்கி ஒன்பது. பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டு ஸ்பேடாக வர வாய்ப்பு 47இல் ஒன்பது, நூற்றுக்குப் பத்தொன்பது. ரிவர்வரை இரண்டு சீட்டும் பார்த்தால் நூற்றுக்கு 35. பெரும்பாலானவர்கள் 35ஐ நினைத்துக்கொண்டு கால் செய்கிறார்கள். ஆனால் அந்த 300 வாங்கித் தருவது ஒரே ஒரு சீட்டைத்தான். டர்னில் எதிராளி இன்னும் 700 வைத்தால் இரண்டாவது சீட்டுக்குத் தனி விலை. ஆக நம்மிடம் இருக்கும் வாய்ப்பு 19, தேவை 25. அந்த இடைவெளியை எது நிரப்பும்? ஸ்பேடு விழுந்தபிறகு எதிராளியிடமிருந்து இன்னும் எவ்வளவு வாங்க முடியும் என்பது. இந்தக் கையில் அது சராசரியாக 370 அளவுக்கு வந்தால் கால் சரி. ஸ்பேடு விழுந்தவுடன் பயந்து ஃபோல்டு செய்துவிடும் ஆள் என்றால், ஏஸ் விழுந்து ஜெயிக்கும் சில தடவைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், கால் சரியில்லை.

அதே ஆட்டக்காரர் நான்காவது மாதத்தில் இன்னொரு கையைப் பற்றி எழுதியது: “500 வைத்து 1,100 எடுக்க. தேவை 31. எனக்கு உதவும் சீட்டு எட்டு, அடுத்த ஒரு சீட்டில் வர 17. எதிராளி பெரிய கையோடு இருந்தாலும் பயந்து ஆடுபவர், அப்புறம் தரமாட்டார். ஃபோல்டு.” அவ்வளவுதான். கடைசியில் என்ன சீட்டு விழுந்தது என்று அவர் எழுதவில்லை, நான் எழுதவிடவில்லை. உங்களுக்கும் இந்த ஒரு விதியை வலியுறுத்திச் சொல்கிறேன். நோட்டில் முடிவு எடுத்த நிமிடம்வரை மட்டும் எழுதுங்கள். கை எப்படி முடிந்தது என்பதை எழுதாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பிரித்துப் பார்க்கும்போது யார் ஜெயித்தது என்பது மறந்துபோயிருக்க வேண்டும். அப்போதுதான் அந்த முடிவு அதன் தகுதிக்காக மட்டும் எடைபோடப்படும். ஒரு சனிக்கிழமைக்கு மூன்று கை போதும், ஆனால் உங்களைக் குழப்பிய மூன்று கையாக இருக்கட்டும். பெரிய பாட் ஜெயித்ததையே எழுதிக்கொண்டிருந்தால் அது ஆல்பம் ஆகிவிடும்.

வார நாள் ஒரு மணி நேரத்தில் ஒன்றை இந்த மூன்று கையைப் பிரிக்க வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புகளைச் சரிபார்க்க இலவசக் கால்குலேட்டர்கள் இருக்கின்றன. முதலில் மனக்கணக்கில் எழுதுங்கள், அப்புறம் அதைத் திறங்கள். சால்வர் என்று ஒரு மென்பொருளைப் பற்றி நண்பர்கள் பேசுவார்கள். இப்போது வேண்டாம். அது சொல்லும் பதிலுக்குக் காரணம் புரிய இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஆகும்.

இன்னொரு மணி நேரத்துக்கு சாதாரண சீட்டுக்கட்டு போதும். இரண்டு கை போட்டு, மூன்று சீட்டு ஃப்ளாப் திருப்பி, பின்தங்கிய கைக்கு எத்தனை சீட்டு உதவும் என்று எண்ணுங்கள். ஒரு சீட்டு பார்க்க என்றால் இரண்டால் பெருக்குங்கள், இரண்டு சீட்டும் பார்க்க என்றால் நான்கால். ஒன்பது சீட்டுக்கு 18, 36. உண்மையான எண் 19, 35. மேசையில் இந்தத் துல்லியம் போதும். மனைவிக்கு விருப்பமிருந்தால் அவரையே சீட்டுப் போடச் சொல்லுங்கள். சில நாளிலேயே உங்களைவிட வேகமாக எண்ணுவார், என் வீட்டில் அதுதான் நடந்தது. அதைவிட முக்கியம், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது வீட்டுக்குத் தெரிந்தபடி நடக்கும்.

இந்த ஆறு மாதத்துக்கு அப்பால் எதிராளியின் கையில் என்னென்ன இருக்கலாம் என்று யோசிக்கும் கட்டம் வரும். அதைப் பற்றி இப்போது நீட்ட மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் ஆடுவது அதே ஐந்து பேரோடு. அவர்கள் எப்போது பொய்யாகப் பந்தயம் வைப்பார்கள் என்பது காலேஜ் நாளிலிருந்தே உங்களுக்குத் தெரியும். அந்த அறிவை வேறு மேசைக்கு எடுத்துப்போக முடியாது. உங்களைவிட நன்றாக ஆடும் ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை உங்கள் நோட்டை அவரிடம் காட்டினால் போதும். எனக்கு அப்படி ஒருவர் கிடைக்க ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடத்தில் பழகிய தப்புகளைக் கழற்ற இன்னும் இரண்டு வருடம் ஆனது.

ஒரு வருடத்தில் தேறியவர்களே இல்லையா என்று கேட்டால், இருக்கிறார்கள். மரியா கொன்னிகோவா என்ற எழுத்தாளர், உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். சீட்டுக்கட்டில் எத்தனை சீட்டு என்றுகூடத் தெரியாமல் போக்கருக்கு வந்தவர். 2018 ஜனவரியில் பஹாமாஸில் ஒரு டோர்னமெண்டை ஜெயித்து 84,600 டாலர் வாங்கினார். இந்தக் கதையைக் காட்டித்தான் பலர் என்னிடம் வருகிறார்கள். ஆனால் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் எரிக் சைடல். 2010இலேயே போக்கர் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற, பல பத்தாண்டுகள் உச்சியில் ஆடிய மனிதர். கொன்னிகோவாவும் இதை மாலை நேரப் பொழுதுபோக்காகச் செய்யவில்லை, அதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். உங்களுக்கு வாரம் ஆறு மணி நேரம். அதற்கேற்ற கணக்கு மூன்று வருடம் என்று நான் நினைக்கிறேன். மூன்று வருடத்தில் நீங்கள் எந்த வீட்டு ஆட்டத்திலும் நிதானமான, கடினமான எதிராளியாக இருப்பீர்கள். அது சின்ன விஷயமில்லை.

அப்புறம் கோவா. போங்கள். அங்கே கேசினோவில் நேருக்கு நேர் ஆடுவது சட்டப்படி நடக்கிறது. நீங்கள் இதுவரை பார்க்காத வகை ஆட்களோடு உட்காரும் அனுபவம் வேண்டியதுதான். ஆனால் பரிசைக் குறிக்கோளாக வைக்காதீர்கள். டோர்னமெண்டில் சாதாரணமாக நூறு பேர் கட்டினால் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் ஏதாவது திரும்பிவரும். நன்றாக ஆடுபவரும் பெரும்பாலான தடவை வெறுங்கையோடுதான் வெளியே வருவார். அந்த நுழைவுக் கட்டணத்தை ரயில் டிக்கெட், ஹோட்டல் அறை மாதிரி செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். ஒரு வருடம் தனியாகச் சேர்த்த பணமாக இருக்க வேண்டும். கடன் கூடாது, கிரெடிட் கார்டு கூடாது, வீட்டுச் சேமிப்பு கூடாது. அந்தப் பயணத்துக்குக் குறிக்கோள் வேண்டுமென்றால் இதை வையுங்கள்: பத்துக் கை குறித்துக்கொண்டு வருவேன், அட்டையை மீற மாட்டேன், நினைத்த நேரத்துக்கு எழுந்துவிடுவேன்.

கடைசியில் சொன்ன அது உங்கள் திட்டத்தில் எங்கேயும் இல்லை, எனக்கு மிகவும் வேண்டிய குறிக்கோள் அதுதான். 2014இல் கோவாவின் மாண்டவி ஆற்றில் நிற்கும் ஒரு கேசினோ கப்பலில் ஆடிக்கொண்டிருந்தேன். ராத்திரி பதினொன்றரை. என்னிடம் ராஜா ஜோடி, எதிராளியிடம் ராணி ஜோடி. ஃப்ளாப்புக்கு முன்பே இருவரும் எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிட்டோம். நூற்றுக்கு 82 தடவை நான் ஜெயிக்க வேண்டிய கை. ரிவரில் ஒரு ராணி விழுந்தது. அதில் என் தப்பு ஒன்றுமில்லை. அந்தக் கையை இன்றைக்கும் அப்படியே ஆடுவேன். என் தப்பு அதற்குப் பிறகு நடந்தது. எழுந்து போயிருக்க வேண்டியவன் விட்டதைப் பிடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். சாதாரணமாகத் தொடவே மாட்டாத சீட்டையெல்லாம் தூக்கினேன். காலை ஐந்து மணிக்குப் படகில் கரைக்குத் திரும்பும்போது, அந்த ஒரு கையில் போனதைப்போல மூன்று மடங்கு போயிருந்தது. அடுத்த மாத வீட்டு வாடகையை அண்ணனிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆட்டக்காரர்கள் இதை டில்ட் என்பார்கள். இது வராத ஆளை நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து உட்காருவதற்கு முன்பே எழும் நேரத்தைத் தாளில் எழுதிவிடுவேன். ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவேன். காசில்லாத மொட்டைமாடி ஆட்டத்திலேயே இதைப் பழகுங்கள். பதினொன்றுக்கு என்றால் பதினொன்று. “இன்னும் ஒரு ரவுண்டு மச்சான்” என்பார்கள். மாதத்தில் நான்கு சனிக்கிழமையில் எத்தனை தடவை சொன்ன நேரத்துக்கு எழுந்தேன் என்பதையும் அந்தத் தாளில் குறியுங்கள். நான்கும் சரியாக வரும்வரை கோவாவுக்கு டிக்கெட் போடாதீர்கள். என்றைக்காவது ஆட்டத்தை மனைவியிடம் மறைக்கத் தோன்றினாலோ, விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கத் தோன்றினாலோ பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு யாரிடமாவது பேசுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி. ஆன்லைனில் பணம் கட்டி ஆட வழியில்லாத இன்றைய நிலையில், கோவையில் உட்கார்ந்துகொண்டு இதை வருமானமாக ஆக்க ஒரு பாதையும் எனக்குத் தெரியவில்லை. மாதச் சம்பளம் உங்கள் ஆட்டத்துக்கும் நல்லது. வாடகைப் பணத்தை வைத்துக்கொண்டு சரியான கால் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

வரும் சனிக்கிழமையிலிருந்து ஆரம்பியுங்கள். அட்டை ஒன்று, சட்டைப் பையில் தாள் ஒன்று, பதினொன்றுக்கு எழுவது. நான்கு வாரம் ஆனதும் அந்த நான்கு தாளையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த இடத்தில் உட்காரும்போது கோடு அதிகம் விழுகிறது என்பதையும் ஓரத்தில் குறித்திருந்தால், அடுத்து எதைத் திருத்துவது என்று பார்த்துச் சொல்கிறேன்.